புள்ளிராஜாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

இருபது வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பஸ்களின் முதுகிலும் ஒரே ஒரு கேள்வி ஒட்டியிருந்தது: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" யார் அந்தப் புள்ளிராஜா, எந்த ஊர், என்ன செய்தான், ஒன்றும் கிடையாது. கேள்வி மட்டும்தான். விளம்பரம் என்று பார்த்தால் அது பெரிய வெற்றி. பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒருவரையொருவர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். பெண்கள் பின்னால் சுற்றுகிறவனுக்கெல்லாம் அந்தப் பேர் விழுந்தது. நாற்பதைத் தாண்டிய யாரிடம் இன்றைக்குச் சொன்னாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கும். எனக்கு உறுத்துவது அந்தச் சிரிப்புதான். புள்ளிராஜா என்பவன் வேறு யாரோ என்று உறுதியாகத் தெரிந்தால்தானே அப்படிச் சிரிக்க முடியும்?

கேள்வி ஆளைப் பற்றிக் கேட்டது. கேட்டவர்களும் ஆளைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டார்கள். அவன் அந்த மாதிரி ஆள், வரும். நான் அந்த மாதிரி ஆள் இல்லை, வராது. கடலூரிலோ புதுச்சேரியிலோ எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக் கவுன்சலர் அறைக்குள் போனால் இந்தக் கணக்கு இன்றும் அப்படியே ஓடுவதைப் பார்க்கலாம். "காண்டம் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வருவது குறைவு. "இல்ல மேடம், அவங்க அந்த மாதிரி ஆள் கெடையாது." "குடும்பப் பொம்பள மேடம்." "தெரிஞ்ச எடம்தான்." "காலேஜ் படிக்கிற பையன், பாத்தா நீட்டா இருப்பான்." கேட்டது உறையைப் பற்றி, வந்த பதிலோ சாதிச் சான்றிதழ் மாதிரி ஒரு குணச் சான்றிதழ்.

இந்த நோய்க்கு நம் ஊரில் ஒரு முகம் முதல் நாளிலேயே ஒட்டிவிட்டது. 1986-ல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தபோது, ரத்த மாதிரிகள் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. தேடியது அவர்களிடம், கிடைத்ததும் அவர்களிடம். அதற்குப் பிறகு திட்டங்கள் வந்தன. அந்தத் திட்டங்களும் ஆட்களைத்தான் வரிசைப்படுத்தின: பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவு வைக்கும் ஆண்கள், திருநங்கைகள், ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள், லாரி டிரைவர்கள், ஊர் விட்டு ஊர் போய் வேலை செய்கிறவர்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரசாங்கத்திடம் இருப்பது அளவான பணமும் அளவான ஆட்களும். எங்கே தொற்று அதிகமோ அங்கே போவதுதான் புத்தி. ஆனால் யாரிடம் போய் வேலை செய்வது என்று முடிவெடுக்க அரசாங்கம் போட்ட பட்டியலை, யாரோடு உறை போடாமல் படுக்கலாம் என்று முடிவெடுக்கத் தனிமனிதன் எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய் இடிக்கும்.

எங்கே இடிக்கும் என்பதைத்தான் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல ஆசை.

செயலுக்கு ஒரு கணக்கு உண்டு

எச்.ஐ.வி. இருக்கிற, மருந்து எடுத்துக்கொள்ளாத ஒருவரோடு உறையில்லாமல் ஒரே ஒரு தடவை உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு மருத்துவ உலகில் பரவலாகப் பயன்படும் சராசரிகள் உண்டு. ஆசனவாய் உறவில் உள்ளே வாங்குபவருக்கு 10,000 தடவைக்குச் சுமார் 138. அதே உறவில் உள்ளே செலுத்துபவருக்கு 11. யோனி வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. வாய்வழி உறவில் மிகமிகக் குறைவு. வாயில் புண்ணோ ஈறில் ரத்தமோ இருந்தால் சற்றுக் கூடும். ஒப்பிட்டுப் பார்க்க: ஒரே ஊசியைப் பகிர்ந்து போதை ஏற்றினால் 63, தொற்றுள்ள ரத்தம் உடம்பில் ஏறினால் 9,250.

இந்த எண்களைப் பார்த்ததும் இரண்டு விதமான ஆட்கள் இரண்டு விதமாகத் தப்புப் பண்ணுவார்கள். முதல் ஆள், "பத்தாயிரத்துல நாலா? அட, அதுக்கா இவ்ளோ பேச்சு" என்பவர். சராசரி என்பது ஒரு தடவைக்கு. வாழ்க்கை ஒரு தடவையோடு நிற்பதில்லை. தனக்குத் தொற்று இருப்பது தெரியாத கணவனோடு ஒரு பெண் வாரம் இரண்டு முறை சேர்ந்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய நூறு தடவை. தடவைக்கு 8 என்றாலும் வருஷக் கடைசியில் நூறில் எட்டுப் பெண்களுக்குத் தொற்றியிருக்கும். மூன்று வருஷத்தில் ஐந்தில் ஒருத்திக்கு. அந்தப் பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு ஆண்தான்.

இரண்டாவது ஆள், சுவரொட்டியில் பார்த்ததெல்லாம் பெண் படம் என்பதால் ஆபத்து பெண்ணிடம்தான் என்று நினைத்துக்கொண்டவர். "ஆம்பளையோட போனா அந்த நோய் வராதுன்னுதான் சார் நெனச்சேன்." இந்த வாக்கியத்தைக் களப்பணியாளர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருப்பார்கள். 138-ஐயும் 8-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பதினேழு மடங்கு. ஆசனவாயின் உட்சவ்வு மெல்லியது. யோனியைப் போல அது தானாக ஈரம் சுரக்காது. உராய்வில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தச் சவ்வுக்கு அடியிலேயே வைரஸ் தேடிப்போகும் வெள்ளணுக்கள் மண்டிக் கிடக்கின்றன. கர்ப்பம் தங்கக்கூடாது, கன்னித்திரை கிழியக்கூடாது என்று இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் காதலர்களுக்கும் இதே 138-தான். சித்ரா பௌர்ணமிக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்துக்கு வந்துபோகும் கூட்டத்தில் திருநங்கைகளுக்கு மாதிரியுறுப்பை வைத்து உறை மாட்டும் டெமோ காட்ட வேண்டியதே இல்லை, பலர் நமக்குக் கற்றுக்கொடுப்பார்கள். அவர்களைத் தேடி வந்து, ஊர் திரும்பியதும் மறந்துபோகும் ஆண்களுக்குத்தான் டெமோ தேவை. அவர்களை எந்தப் பட்டியலில் வைத்துக் கூப்பிடுவது?

சராசரியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறவை மூன்று: எதிராளி உடம்பில் அந்த நேரத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது, இருவரில் யாருக்காவது பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருக்கிறதா, நடுவில் உறை இருந்ததா. புண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். சிபிலிஸ், ஹெர்ப்பிஸ் புண்கள் வைரஸுக்குத் திறந்துவிட்ட கதவு. வெள்ளைப்படுதலுக்கும் சீழுக்கும் "சூடு" என்று இளநீர் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்துக்குப் போனால் மருந்து இலவசம். துணைக்கும் சேர்த்து மருந்து வாங்கவில்லை என்றால் பத்தே நாளில் மறுபடி வந்து நிற்க வேண்டியிருக்கும். கழுவினால் போகும் என்று டெட்டாலோ எலுமிச்சைச் சாறோ விட்டு உள்ளே கழுவும் பழக்கம் இன்னும் ஆபத்து. அது சவ்வை அரித்து, கதவை நாமே அகலமாகத் திறந்துவிடுகிற வேலை.

முகத்தில் தெரியாத ஒன்று

வைரஸின் அளவு என்பதில்தான் ஆள் கணக்கு முற்றிலும் தலைகீழாகிறது. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சிகிச்சை மையத்தில் எட்டு வருஷமாக மாத்திரை வாங்குகிறவர். ஊரில் நாலு பேருக்கு விஷயம் தெரியும். அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்கிற வீடும் இருக்கலாம். இன்னொருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த, பளிச்சென்று சட்டை போட்ட, யாரும் குறை சொல்லாத வாலிபர். போன மாசம் நடந்த ஒரு விஷயத்தால் மூன்று வாரத்துக்கு முன்னால் தொற்று வந்திருக்கிறது. அவருக்கே தெரியாது. நடுவில் நாலு நாள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் லேசான தடிப்பு. கடைக்காரரிடம் மாத்திரை வாங்கிப் போட்டார், போய்விட்டது. "சீசன் காய்ச்சல்."

முதலாமவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200-க்கும் குறைவான வைரஸ்தான் என்று வைரல் லோடு பரிசோதனை சொல்கிறது. அந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்றுவதில்லை. ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்கு இல்லாததுமான ஆயிரக்கணக்கான ஜோடிகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைக் காட்டிவிட்டன. இரண்டாமவர் உடம்பிலோ வைரஸ் மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில், சில நேரம் அதற்கும் மேல் ஓடுகிறது. தொற்றிய முதல் சில வாரங்களில்தான் அது உச்சத்தில் இருக்கும். மேலே சொன்ன 4, 8, 138 எல்லாம் அப்போது பல மடங்கு ஏறும். பழகவும் படுக்கவும் ஊர் யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எழுத்துக்காகக் கூட்டிச் சொன்ன உதாரணம் என்று தோன்றலாம். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம், வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்நூறு பேருக்கு ஒருவர். அதில் தெரிந்து, மருந்து எடுத்து, வைரஸை அடக்கி வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் இன்னொரு பக்கம். புதுத் தொற்று பெரும்பாலும் இந்த இரண்டாம் பக்கத்திலிருந்துதான் வருகிறது. "பாசிட்டிவ்" என்று தெரிந்தவரை விட்டு விலகி, எதுவும் தெரியாதவரை நம்பி நெருங்குவது, எரிகிற விளக்கைக் கண்டு பயந்து இருட்டில் கிணற்றுப் பக்கம் நடப்பது போல.

சிகிச்சையில் இருப்பவரைப் பற்றி இன்னும் ஒரு விவரம். மாத்திரை ஆரம்பித்த நாளிலேயே வைரஸ் அடங்கிவிடாது. இப்போது அரசு மையங்களில் பெரும்பாலோருக்கும் தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று. முதல் ஆறு மாசம், வைரல் லோடு அடங்கியது என்று பரிசோதனைச் சீட்டு சொல்லும்வரை காண்டம் கட்டாயம். அதற்குப் பிறகும் வருஷம் ஒருமுறை அந்தப் பரிசோதனை. மாத்திரை பத்து நாள் விட்டுப்போனால் கணக்கு மறுபடி மாறும். அடங்கிய வைரஸ் எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும், சிபிலிஸையும் கர்ப்பத்தையும் தடுக்காது.

பயம் தேவையில்லாத இடத்தில் அதிகமாக இருப்பதும் இதே ஆள் கணக்கின் மறுபக்கம். சலூன் பிளேடு, கொசு, பொதுக் கழிப்பறை, அந்தத் தனி டம்ளர். எச்.ஐ.வி. வெளிக்காற்றில் சீக்கிரம் செயலிழந்துபோகிற வைரஸ். சலூனில் பிளேடு மாற்றச் சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் அங்கே பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி-க்கு. காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும், தடுப்பூசியும் உண்டு. சலூனில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் லாட்ஜில் கண்ணை மூடிக்கொள்வதுதான் வேடிக்கை.

எல்லாருக்கும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் காண்டம்

காண்டத்தை எப்போதும் பயன்படுத்துவதாகச் சொன்ன ஆண்-பெண் ஜோடிகளில் தொற்று சுமார் 80 சதவீதம் குறைந்தது என்பது ஆய்வுகளின் கூட்டுக் கணக்கு. "அப்ப மிச்சம் 20?" என்று உடனே கேட்பார்கள். ரப்பரில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு வதந்தியும் கூடவே சுற்றும். நல்ல ரப்பர் உறையைக் கடந்து இந்த வைரஸ் போகாது. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி மனுஷன் செய்கிற காரியம்: பாதியில் போட்டது, கிழிந்தது, வழுகியது, "எப்போதும்" என்று சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை விட்டது.

வைக்கிற இடத்தில் ஆரம்பிக்கலாம். அக்னி நட்சத்திர வெயிலில் ஈ.சி.ஆரில் நிறுத்திய ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். லாரி கேபினின் டேஷ்போர்டு அதைவிட மோசம். பின் பாக்கெட் பர்ஸில் மாசக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த பாக்கெட்டும் அப்படித்தான். சூடும் உராய்வும் ரப்பரைப் பலவீனமாக்கிவிடும். பாக்கெட்டை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று மெத்தென்று இருக்க வேண்டும். சப்பையாக இருந்தால் எங்கோ ஓட்டை. தேதியைப் பாருங்கள். திறந்ததும் பிசுபிசுவென்று ஒட்டினாலோ வறண்டு மொடமொடத்தாலோ தூக்கிப்போடுங்கள். பல்லால் கடித்துக் கிழிக்கக் கூடாது. உறையை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மற்ற ஓரத்தின் வெட்டிலிருந்து கையால் கிழிக்க வேண்டும்.

விறைப்பு முழுதாக வந்த பிறகுதான் மாட்ட வேண்டும். நுனியை விரலால் கிள்ளிக் காற்றை வெளியேற்றிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடி வரைக்கும் உருட்டி இறக்க வேண்டும். உருளவில்லையா? தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். இங்கேதான் பெரும்பாலோர் அதையே திருப்பி மாட்டுவார்கள். விந்துக்கு முன்னால் கசிந்து நுனியில் பட்ட முன்திரவம் இப்போது வெளிப்பக்கம், நேராகத் துணையின் உடம்புக்குள். முன்திரவத்திலும் வைரஸ் இருக்கலாம். அந்த உறையைத் தூக்கிப்போட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள். இதே காரணத்தால்தான் "முதல்ல சும்மா, கடைசில போட்டுக்கலாம்" என்பதும் "வெளிய எடுத்துருவேன்" என்பதும் பாதுகாப்பில் சேராது. முடிந்ததும் விறைப்பு இறங்கும் முன்பே, அடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற அந்த இரண்டு நிமிஷத்தில்தான் உறை உள்ளேயே கழன்று நிற்கும். முடிச்சுப் போட்டு, காகிதத்தில் சுற்றிக் குப்பையில். கழிப்பறையில் போட்டால் அடைக்கும். லாட்ஜ்காரர்களைக் கேட்டால் தெரியும்.

இரட்டைப் பாதுகாப்பு என்று இரண்டு உறை போடுவது இன்னொரு கெட்டிக்காரத்தனம். ரப்பரோடு ரப்பர் உரசி இரண்டும் கிழியும். பாக்கெட்டில் அகலம் அச்சிட்டிருக்கும், நம் ஊரில் பெரும்பாலும் 49 அல்லது 53 மில்லிமீட்டர். ஒருவருக்கு அடிக்கடி கிழிகிறது என்றால் சின்னது போடுகிறார், அடிக்கடி கழல்கிறது என்றால் பெரியது. மானப் பிரச்சினையாக்காமல் மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும்.

நம் வீடுகளில் காண்டத்தின் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்கு, உடம்புக்கு, வெட்டுக்காயத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான், இதற்கும் அதையே எடுப்பார்கள். எண்ணெய் எதுவானாலும், வாசலின், கை கிரீம், பேபி ஆயில் எதுவானாலும், ரப்பரைத் தின்னும். கனிம எண்ணெயில் ஒரே நிமிஷம் பட்டதில் உறையின் வெடிப்பு வலிமை 90 சதவீதம் போல இறங்கியதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். கண்ணுக்கு உறை அப்படியே இருக்கும், அதுதான் ஏமாற்று. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், ஆசனவாய் உறவுக்கு அது இல்லாமல் கூடாது. எச்சில் போதும் என்பார்கள், அது இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

புதுச்சேரி என்றதும் குடியைச் சொல்லாமல் விட முடியாது. கடலூரிலிருந்து கன்னியக்கோயில் தாண்டி வருகிறவர்களும் சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி வருகிறவர்களும் எதற்கு வருகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். குடி புத்தியை மழுக்கும் என்பது எல்லாரும் சொல்வது. அதைவிட நடைமுறையான சங்கடம், குடித்த உடம்பில் விறைப்பு நிலைக்காது. அரைகுறை விறைப்பில் உறை நிற்காது, வழுகும். "மச்சான், இது வேலைக்கு ஆவாது" என்று கழற்றி எறிகிறவன் உறையைத் திட்டுகிறான், பாட்டிலைத் திட்டுவதில்லை. பாக்கெட்டை நாலாவது ரவுண்டுக்குப் பிறகு தேடப் போகாமல், முதல் ரவுண்டுக்கு முன்பே தலையணைக்கு அடியில் வைத்தால் கொஞ்சம் வாய்ப்பு கூடும்.

நம்பிக்கை வந்த பிறகு

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட உறையை விடும் ஒரு கட்டம் உண்டு. முதல் தடவை போடுவார்கள், இரண்டாம் தடவையும். நாலாவது, ஐந்தாவது சந்திப்பில் "இன்னும் என்ன?" என்று ஒரு பார்வை. அன்றோடு உறை நிற்கும். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள் புதுப் பார்ட்டியிடம் கறாராக இருப்பார்கள், உறையில்லாமல் பேச்சே கிடையாது. வீட்டில் வந்து சாப்பிட்டுத் தூங்கிப் போகிற அந்த ஒருவரிடம் மட்டும் கேட்க மாட்டார்கள். அவரிடமும் கேட்டால் அவரும் பார்ட்டி ஆகிவிடுவாரே. காலேஜ் ஜோடிக்கும், நாலு வருஷமாக ரகசியமாகச் சந்திக்கும் இரண்டு ஆண்களுக்கும் இதே கதைதான். உறை என்பது சந்தேகத்தின் சின்னமாகவும், அதைக் கழற்றுவது பாசத்தின் சின்னமாகவும் ஆகிவிட்டது. நடுவில் மாறியது நெருக்கம் மட்டும்தான். இருவர் ரத்தத்தைப் பற்றியும் முதல் நாள் எவ்வளவு தெரியுமோ ஐந்தாம் சந்திப்பிலும் அவ்வளவுதான் தெரியும்.

கல்யாணத்தில் இது இன்னும் இறுகும். அதற்கு நம் மாநிலத்தில் ஒரு காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். 1968-ல் நிரோத் வந்த நாளிலிருந்து காண்டம் என்பது பிள்ளை பெறாமலிருக்கிற சாமான். மனைவி கேட்க முடிந்த ஒரே சாக்கு அதுதான்: "என்னங்க, இப்ப வேணாங்க, சின்னவனுக்கு ரெண்டு வயசாவது ஆவட்டும்." யாரும் யாரையும் சந்தேகப்படாமல் உறை வீட்டுக்குள் வந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்தே, இருபதுகளின் நடுவிலேயே முடிந்துவிடும். அன்றோடு அந்தச் சாக்கும் போயிற்று. கணவன் திருப்பூரிலோ கத்தாரிலோ ஒரு வருஷம் இருந்து திரும்பும்போது அவளுக்கு வயது முப்பது. கருத்தடை பேரைச் சொல்லி இனிக் கேட்க முடியாது. கேட்டால் ஒரே அர்த்தம்தான்: "என்ன சந்தேகப்படுறியா?" அவன் கேட்டாலும் அதே அர்த்தம்தான், திசை மட்டும் வேறு: "அப்ப நீங்க அங்க என்ன பண்ணீங்க?" இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த முடிச்சை அவிழ்க்க உறையைப் பற்றிப் பேசாமல் பரிசோதனையைப் பற்றிப் பேசுவது சுலபம் என்று கவுன்சலர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. "ஊருக்கு வந்துட்டேன், ரெண்டு பேரும் ஒரு தடவ மாஸ்டர் செக்கப் பண்ணிக்கலாம்" என்றால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தோடு இதுவும் ஒரு வரியாகப் போய்விடும். நாளைக் கணக்குப் பண்ணி வைக்க வேண்டும். கடைசி ஆபத்து நடந்து மூன்று மாசம் ஆகும்வரை, "அங்க இருந்தப்ப புண்ணு மாதிரி வந்துச்சு, டாக்டர் கொஞ்ச நாள் போட்டுக்கச் சொன்னாரு" என்று பொய் சொன்னாலும் சரி, உறை இருக்கட்டும். நான் பொய்க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் கோபிக்கலாம். ஐந்தில் ஒன்று என்ற அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு இந்தப் பொய் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

72 மணி நேரம், 90 நாள்

இரண்டு எண்களைக் குழப்பிக்கொண்டு நேரத்தை விடுகிறவர்கள் நிறைய. உறை கிழிந்தது, அல்லது போடவே இல்லை, எதிராளியைப் பற்றித் தெரியாது, அல்லது வன்முறை நடந்தது என்றால் முதல் எண் 72. அந்த மணி நேரத்துக்குள் பெப் (PEP) என்கிற தடுப்பு மருந்து ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முதல் சில மணி நேரத்திலேயே என்றால் மிக நல்லது. மேலே சொன்ன அதே மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, தினமும் ஒன்று, 28 நாள். பதினெட்டாம் நாள் "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்தக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு நடந்தது என்றால் செவ்வாய் ராத்திரி 11 மணிதான் கடைசி. ஞாயிறு லீவு, திங்கள் பார்த்துக்கலாம் என்றால் ஏறக்குறைய பாதி போய்விட்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஞாயிறு கிடையாது, நேராக அங்கே போய் "பெப் வேணும்" என்று கேட்கலாம். தெரிந்தே, திரும்பத் திரும்ப ஆபத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தினமும் எடுக்கிற பிரெப் மாத்திரை இருக்கிறது. டாக்டர் சீட்டும் அதற்கு முன் ஒரு எச்.ஐ.வி., சிறுநீரகப் பரிசோதனையும் தேவை.

இரண்டாவது எண் 90. ரேபிட் டெஸ்ட் தேடுவது வைரஸை இல்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது உண்டாக 23 முதல் 90 நாள் ஆகலாம். ஞாயிறு நடந்ததற்குத் திங்கள் டெஸ்ட் எடுத்து "நெகட்டிவ்" என்று சீட்டு வாங்குகிறவருக்கு அந்தச் சீட்டு சொல்வது மூன்று மாசத்துக்கு முந்தைய அவர் வாழ்க்கையைப் பற்றி. பெப் ஆரம்பிக்கிறவருக்கு அந்த முதல் டெஸ்ட் அவசியம்தான். ஆனால் அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு "பாத்துக்கோ, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அடுத்த ஆளிடம் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதே வாரங்களில்தான் இருக்கும்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் ஐ.சி.டி.சி., அதாவது எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம், எங்கே என்று கேட்டால் கைகாட்டுவார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பேர் நம்பிக்கை மையம். கட்டணம் இல்லை. முதலில் கவுன்சலரோடு பத்து நிமிஷப் பேச்சு, கையெழுத்து, பிறகு ரத்தம். முதல் கிட் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று, காட்டினால் அதோடு முடிவு சொல்ல மாட்டார்கள், வேறு வேறு தயாரிப்பில் இன்னும் இரண்டு கிட் போட்டுப் பார்த்தபிறகே சொல்வார்கள். 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலைக்குச் சேர அதைக் கேட்கக் கூடாது. நேரில் போகத் தயக்கம் என்றால் 1097-க்கு இலவசமாகப் போன் செய்து கேட்கலாம், பேரைச் சொல்ல வேண்டாம்.

இந்த மையத்துக்கு ஊரில் அதிகம் வருவது யார் தெரியுமா? கர்ப்பிணிகள். முதல் கர்ப்பப் பரிசோதனையோடு சேர்த்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுத்துவிடுவார்கள். மிகச் சரியான ஏற்பாடு. மருந்து இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், மருந்து எடுத்தால் 5-க்கும் கீழே. ஆனால் இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. வீட்டில் முதலில் டெஸ்ட் எடுத்தவள் அவள் என்பதால், முதலில் தெரியவருவதும் அவளுக்கு இருப்பதுதான். மாமியார் வாயில், ஊர் வாயில், "அவ கொண்டாந்தா" என்று ஆகிவிடும். 1986-ல் நடந்த அதே விஷயம், வீட்டுக்குள் இன்னொரு தடவை. கணவனையும் கூட்டிவாருங்கள் என்று கவுன்சலர் சொல்லி அனுப்புவார். "அவருக்கு வேலை மேடம், வெளியதான் நிக்கிறாரு." ஜன்னல் வழியே பார்த்தால் வேப்பமரத்தடியில் வண்டியை ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வந்து, கையெழுத்துப் போட்டு, விரலை நீட்டி, முடிவு வாங்கிப் போக அரை மணி நேரம் ஆகும். எப்படியும் அவர் அங்கே அதற்குமேல்தான் காத்திருக்கிறார்.